கயல் கூப்பிட்ட மாடு

1

இந்த வாரத்தோடு நான் டொராண்டோவுக்கு வந்து இருபது ஆண்டுகள் நிறைகின்றன. நாள்களைக் குறித்து வைத்துக்கொள்வது என் வழக்கம். பிறந்த நாள் இன்னதென்று தெரியாததால் வந்த வழக்கமாக இருக்கலாம். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப் பள்ளியில் என்னைச் சேர்த்த அன்று, வரிசையில் நின்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் தலைமையாசிரியர் ஒரே தேதியைப் போட்டுவிட்டார். அம்மாவைக் கேட்டால் குறுவைக்கு நாற்று விட்ட சமயம் என்பார். அக்காவைக் கேட்டால் இல்லை, அறுப்பே முடிந்துவிட்டது என்பார். இங்கே குடியுரிமை அலுவலகத்தில் ஓர் அம்மையார் என் காகிதத்தையும், எனக்கு முன்னால் வந்துபோன இன்னொரு தஞ்சாவூர்க்காரரின் காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "நீங்கள் இரட்டையரா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் திறக்கும் நாளில்தான் பிறக்கிறோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. முத்திரை குத்திக் கொடுத்தார்.

இருபது ஆண்டைப் பற்றி ஏதாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. இந்த ஊர்ப் பனிக்குச் சத்தம் கிடையாது. ஜன்னலுக்கு அப்பால் யாரோ உலகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருப்பது போலிருக்கும். எழுத நினைத்தது எதுவும் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா தொலைபேசியில் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அதைச் சொல்வதானால் என் தொழிலில் இருந்து தொடங்க வேண்டும்.

2

நான் படத்தொகுப்பாளன். ஊரில் கார்ட்டூன் என்று சொல்லிவிடுகிறோமே, முழு நீளத்துக்கு வரைந்து எடுக்கும் படங்கள், அவற்றைத் தொகுக்கிறேன். அக்கா அஞ்சலையின் கணவர் காத்தமுத்து மச்சான் முதல் தடவை இதைக் கேட்டபோது வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "வரையுறதுதானே மாப்ள? வேண்டாததை வரையாம விட்டாப் போச்சு. இதுல வெட்டுறதுக்கு என்ன இருக்கு?"

சரியான கேள்வி. கோடம்பாக்கத்தில் நான் உதவியாளனாக இருந்த காலத்தில், எல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் எங்கள் அறைக்கு வேலை வரும். ஒரே காட்சி பத்து விதமாக வரும். நல்லதை எடுத்துக்கொண்டு மற்றதைக் கழிப்போம். கழித்த பிலிம் காலடியில் வைக்கோல் மாதிரிக் கிடக்கும். பிறகு பம்பாயில் ஓர் அரசுத் திரைப்படப் பிரிவில் சேர்ந்தேன். குடும்பக் கட்டுப்பாடு, அம்மை ஊசி, வயலுக்கு உரம் என்று சின்னச் சின்னதாக வரைந்தெடுத்த குறும்படங்கள். முதல் நாளே என் மேலதிகாரி ஒரு வெற்றுச் சுருளைக் கையில் கொடுத்து, "இன்னும் எதுவும் வரையவில்லை, நீ தொகுத்துக் கொடு" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

கேலி இல்லை. வரையும் படத்தில் முறை தலைகீழ். ஒரு நொடி நடையை வரைய ஒருவருக்கு ஒரு வாரம் பிடிக்கலாம் என்பதால், வேண்டாதது என்று எதையும் வரைந்து வைக்க முடியாது. ஆகவே படம் பிறக்கும் முன்பே அதைத் தொகுத்துவிடுகிறோம். பென்சிலால் கிறுக்கிய அசையாத படங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, எது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்கிறோம். அந்த அடுக்கைத்தான் ரீல் என்கிறோம். பேச்சும் வேண்டுமே, நடிகர்கள் வருவதற்கு வெகுநாள் ஆகும். அதுவரை எங்களுக்குள்ளேயே பேசிப் பதிவு செய்துகொள்வோம். கணக்குப் பிரிவில் இருப்பவர் ராஜா ஆவார். காவலாளி ஓநாய் ஆவார். நான் பல படங்களில் தவளை. பிறகு பெரிய நடிகர்கள் வந்து பேசுவார்கள், எங்கள் குரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவோம்.

ஒரு படம் நான்கு வருடம், ஐந்து வருடம் எடுக்கும். அத்தனை காலமும் இருட்டறையில் அந்த ரீல் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். இன்று ஒரு கிறுக்கல் இருந்த இடத்தில் அடுத்த மாதம் ஒரு கை அசையும். அடுத்த வருடம் அந்தக் கைக்கு நிறம் வரும். பாதி முகத்தில் கண் மட்டும் இமைக்கும். சில நாள் மாலையில் வெளியே வந்தால் தெருவில் போகிறவர்களும் இன்னும் நிறம் தீட்டி முடியாதவர்கள் போலவே தெரிவார்கள்.

3

நான் சொல்லப்போகும் படத்தில், கடலோரச் சதுப்பு நிலத்தில் வாழும் ஒரு சிறுமி மூடுபனியில் தன் மாட்டைத் தொலைத்துவிடுகிறாள். அதைத் தேடிப் போவதுதான் கதை. நோரா என்ற பெண்மணி இயக்குநர். எழுதப்பட்ட கதையில் ஓர் இடத்தில், "சிறுமி மாட்டைக் கூப்பிடுகிறாள்" என்று மட்டும் இருந்தது. எப்படிக் கூப்பிடுவாள் என்று நோரா என்னைக் கேட்டார். இங்கே யாரும் மாட்டைக் கூப்பிட்டதில்லை.

அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் பொங்கலுக்கு ஊர்போய்த் திரும்பியிருந்தோம். என் மகள் கயலுக்கு அப்போது ஏழு வயது. இங்கேயே பிறந்தவள். அங்கே இருந்த நாளெல்லாம் அவளுடைய அத்தையின் பின்னாலேயே வாய்க்கால் கரையில் சுற்றினாள். சாயங்காலமானால் அத்தை அவளைக் கரையில் நிற்க வைத்து மாட்டைக் கூப்பிடச் சொல்வார்.

"வாயால கூப்பிடாத ஆயி, வயித்துல இருந்து கூப்புடு. ஊதுற மாதிரி. ம்பா… இந்தா… இந்தா… ம்பா…"

நெல் அறுத்த தாளடிக்கு மேல் அந்தச் சத்தம் தவழ்ந்து போகும். தூரத்தில் ஒரு கொம்பு திரும்பும். கயல் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். மாடு வரத் தொடங்கினால் என் கையைப் பிடித்து நசுக்குவாள்.

நான் ஒரு சனிக்கிழமை அவளை ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போனேன். ஒலிப்பதிவு அறையில் மைக் முன்னால் நிற்க வைத்தோம். அவள் பேசாமல் சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"அப்பா, மாடு எந்தப் பக்கம் இருக்கு?"

ஒலிப்பதிவாளருக்கு மொழிபெயர்த்தேன். அவர் யோசித்து, கதவுக்கு மேல் எரிந்த சிவப்பு விளக்கைக் காட்டினார். கயல் அந்த விளக்கைப் பார்த்து மூச்சை இழுத்துக் கூப்பிட்டாள். முடிந்ததும் அவள் மாடு வருகிறதா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறுமியின் மற்றப் பேச்சையும் அன்றே ஆங்கிலத்தில் அவளையே பேச வைத்துப் பதிந்துகொண்டோம். வரைபவர்கள் குரலைக் கேட்டுத்தான் வரைவார்கள். ஆகவே படத்துச் சிறுமிக்குக் கயலின் மூச்சு வந்துவிட்டது. கூப்பிடும் முன் தோள் கொஞ்சம் மேலே ஏறுவது, கடைசி 'ம்பா'வில் குதிகால் தரையை விட்டு எழும்புவது எல்லாம். முகம் வேறு, முடி வேறு, மூச்சு மட்டும் என் மகளுடையது.

4

நான்கு வருடம் போயிற்று. ரீலில் கயலுக்கு ஏழு வயது. வீட்டில் எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. காலையில் ஒருத்தியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, இருட்டறைக்குப் போய் இன்னொருத்தியோடு வேலை செய்வேன்.

வீட்டில் இருந்தவளிடம் தமிழ் குறைந்துகொண்டு வந்தது. ஒருநாளில் நடப்பதில்லை அது. முதலில் 'அத்தைக்கு', 'அத்தையோட' என்று சொல்லின் வால்கள் போயின. பிறகு கேள்விகள் ஆங்கிலத்துக்குப் போயின. பதில்கள் கொஞ்சகாலம் தமிழில் தங்கின. பத்து வயதில் தொலைபேசியில் அத்தையிடம், "நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா, அப்பா கிட்ட குடுக்கறேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கருவியை என்னிடம் தள்ளிவிடுவாள். அக்கா அங்கே சிரிப்பார். "பரீட்சைக்கு ஒப்பிச்ச மாதிரி இருக்குடா தம்பி."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானே இந்த ஊர் ஆங்கிலத்தில் தடுக்கி விழுந்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், செய்ய முடியாது என்று நினைத்த ஒரு மாற்றத்துக்கு, நம் வழக்கப்படி மரியாதையாக, "பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். நம் ஊரில் அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். அப்போதைய படத்தின் இயக்குநர் இரண்டு நாள் என் அறை வாசலில் வந்து வந்து நின்றார், நான் பார்த்துச் சொல்வேன் என்று.

பின்னர் நடிகர்கள் வந்தார்கள். சிறுமியின் பாத்திரத்துக்கு விளம்பரங்களில் பேசிப் பழகிய ஒரு பெண்குழந்தை வந்தாள். கெட்டிக்காரி. பேச்செல்லாம் அழகாகப் பேசினாள். கயலின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அவளுடையதை வைத்தேன். அது என் வேலை. கூப்பிடும் இடம் வந்தபோது அவளால் முடியவில்லை. பாட்டுப் போல வந்தது. எத்தனை முறை முயன்றும் அழகாகத்தான் வந்தது. திரையில் தோள் ஏறியது, குதிகால் எழும்பியது, ஆனால் வேறு யாரோ அந்தச் சிறுமியின் நெஞ்சுக்குள் உட்கார்ந்து பாடுவது போலிருந்தது.

நோரா சொன்னார்: "இந்த ஓர் இடத்தில் உங்கள் மகளே இருக்கட்டும். ஆனால் அவளைக் கேளுங்கள். அவள் பெரியவளாகிவிட்டாள். அவள் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம். வெள்ளிக்கிழமை ரீலை மூட வேண்டும், பிறகு எதையும் மாற்ற முடியாது."

சட்டப் பிரிவிலிருந்தும் ஒரு படிவம் வந்தது. எந்த மொழி? யாருடைய மெட்டு? குரலுக்குரியவர் பெயர்? இதோடு ஒரு கட்டம்: பேச்சா, ஒலியா? பேச்சு என்றால் பெயர் திரையில் வர வேண்டும். மற்ற நாடுகளில் படம் போகும்போது அந்தந்த மொழியில் மாற்றிப் பேசிவிடுவார்கள். ஒலி என்றால் காற்று, மழை, கதவு மாதிரி. பெயரும் இல்லை, எங்கே போனாலும் யாரும் தொடமாட்டார்கள். அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

5

கயல் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பென்சிலை வைத்தாள்.

"அது இன்னுமா இருக்கு?"

"ஆமா."

"நோ, அப்பா. அது நான் இல்ல. ஏதோ சின்னக் கொழந்தை."

"உன் குரல்தானே."

"ஸ்கூல்ல எல்லாரும் இந்தப் படம் பாப்பாங்க. எம் பேரும் வருமா?"

"வரும்."

"அப்ப நான் முடிஞ்சேன். மாடு கூப்பிடுற பொண்ணுன்னு சொல்லியே கொன்னுடுவாங்க." பாதியை ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "எடுத்துடுங்க, ப்ளீஸ்" என்றாள்.

எடுத்துவிடலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அந்தக் காலத்து பிலிம் மாதிரி கத்தரிகூட வேண்டாம். கோடம்பாக்கத்தில் எத்தனையோ பேருடைய நல்ல நடிப்பை வெட்டிக் கீழே போட்டிருக்கிறேன். ஆனால் என் மகள் வயிற்றிலிருந்து பேசிய தமிழ் என்று இனி இருப்பது அந்த ஒரு மூச்சுதான் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அது அவள் தலையில் ஏற்றும் சுமையாகிவிடும்.

6

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அக்காவை அழைத்தேன். என் மனைவி ஒலிபெருக்கியை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போனார். கயல் சோபாவில் படுத்துக்கொண்டு ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். அக்காவிடம் சங்கதியைச் சொன்னேன்.

"புள்ளைக்குப் புடிக்கலன்னா விடேன்" என்றார் அக்கா. பிறகு, "ஏ பாப்பா, அங்கதான் இருக்கியா? மாட்டைக் கூப்புட்டா என்ன கேவலம்?"

"கேவலம் இல்ல அத்தை. மாடு… எல்லாரும் சிரிப்பாங்க."

"எந்த மாடு?"

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. உங்க மாடு. நீங்க சின்னப் புள்ளையா இருக்கறப்ப கூப்பிட்டீங்கன்னு."

அந்தப் பக்கம் அக்கா சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாத சிரிப்பு. "அடியே, எங்ககிட்ட ஏதுடி மாடு? எங்களுக்குச் சோத்துக்கே வழியில்ல."

கயல் எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப யாரைக் கூப்பிட்டீங்க?"

வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுபத்தேழில் ஆட்சி மாறிய பிறகு வந்த வருடங்கள் அவை. எந்த வருடம் என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்றுவரை வழக்கு உண்டு. நான் செய்தித்தாள்களை வைத்துச் சொல்கிறேன், அவர் தண்ணீர் தாமதமாக வந்த சம்பாவை வைத்துச் சொல்கிறார். கிழக்கே நாகைப் பக்கம் அறுபத்தெட்டு டிசம்பரில் கூலி கேட்டவர்களின் குடும்பங்களைக் குடிசையோடு எரித்ததற்குப் பிறகு என்பதில் மட்டும் இருவருக்கும் சம்மதம். எங்கள் தெருவில் எல்லோரும் கூலிக்கு வயலில் இறங்குகிறவர்கள். அறுப்புக் கூலியில் நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கினார். ஆட்களுக்குக் காவலாகப் போலீஸ் வேன் வந்தது. எங்கள் தெரு ஆண்கள் மேல் வழக்குகள் இருந்தன. அப்பா உட்பட எல்லோரும் வாய்க்கால் ஓரத்து நாணல் காட்டுக்குள் பதுங்கிக் கிடந்தார்கள். வேன் வரும்போது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். கத்திச் சொல்ல முடியாது. அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது இருக்கலாம்.

மீதியை அக்கா சொன்னபடியே தருகிறேன். கயலுக்குப் புரியாத சொல் வந்தபோது மட்டும் நான் குறுக்கே விழுந்தேன்.

"வேன் கரையில திரும்பும்போதே நான் கரையில ஏறி நின்னு கூப்புடுவேன். ம்பா, இந்தா, இந்தான்னு. போலீஸ்காரங்களுக்கு, ஏதோ புள்ளை மாட்டைத் தேடுது. நாணலுக்குள்ள இருக்கறவங்களுக்கு, குனிஞ்சுக்கன்னு அர்த்தம். ஒரு வாரமா இதே கதை. அதுல ஒரு போலீஸ்காரரு, தெக்கத்திக்காரரு, நல்ல மனுசன். தினமும் இந்தப் புள்ளை மாட்டைக் காணாம கூப்புடுதேன்னு அவருக்குப் பாவமாப் போச்சு. எறங்கிப் போயி வயலெல்லாம் தேடி, ஒரு மாட்டைப் புடிச்சுட்டு வந்துட்டாரு."

"எந்த மாடு?" என்றாள் கயல்.

"பண்ணை மாடு. செவலை. கழுத்துல வெங்கல மணி. கொழுத்துப் போயி பளபளன்னு இருக்கு. 'இந்தா பாப்பா உம்மாடு. எவ்ளோ நேரமாக் கூப்புடுத, பாவம்'ங்கறாரு. நான் என்னத்தச் சொல்ல? என் மாடு இல்லைன்னா, அப்ப யாரைக் கூப்புட்டேன்னு கேப்பாங்கள்ல? ஆமாங்க, எங்க மாடுதாங்கன்னேன். அந்த மனுசன் நம்ம வீடு வரைக்கும் ஓட்டியாந்து, அவரு கையாலயே முருங்க மரத்துல கட்டிட்டு, குடிக்கத் தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சுட்டுப் போறாரு. நம்ம தெருவுல காக்கிச்சட்டை தண்ணி வாங்கிக் குடிச்சது அதுதான் மொத தடவை. எங்கம்மா கையெடுத்துக் கும்புட்டுச்சு. அவரு போன பெறகு என்னைப் போட்டு அடிச்சுச்சு பாரு."

"ஏன்?"

"பண்ணை மாடு நம்ம மரத்துல நின்னா என்னடி அர்த்தம்? திருட்டு. இருக்கற கேசு போதாதுன்னு அதையும் ஒங்க தாத்தா தலையில கட்டுவாங்க. உள்ள போனா வெளிய வரவே முடியாது. அம்மா அதைத் தொடவே இல்ல. மடி கனத்துப் போயி அது ராவெல்லாம் கத்துது, கறக்கலையே. ஒரு சொட்டுப் பால் எடுத்துட்டோம்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல."

"அப்புறம்?"

"விடிஞ்சதும் நானே அவுத்தேன். கொல்லை வழியாப் போயி விட்டுட்டு வந்துடுன்னாங்க. ஒளிஞ்சு போனாத்தான் திருட்டு. நான் பெரிய தெரு வழியா, ம்பா, இந்தா, இந்தான்னு கூப்டுக்கிட்டே ஓட்டிட்டுப் போனேன். நாங்க நடக்கற தெரு இல்ல அது. ஆளுக்கு ஆளு வாசல்ல வந்து நிக்கறாங்க. பண்ணை வாசல்ல, பண்ணைய மேப்பாக்கற காரியக்காரரு, 'யாரு புள்ள நீ? எங்க மாட்டை எங்கேருந்து ஓட்டிட்டு வர்ற?'ன்னாரு. 'போலீஸ்காரரு வந்து எங்க மரத்துல கட்டிட்டுப் போனாருங்க. இனிமே உங்க மாடு எங்க வீட்டுலதான் நிக்குமான்னு எங்கம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க'ன்னேன். அந்தாளு குனிஞ்சு மடியைப் பாத்தாரு. நிமிந்து என்னைப் பாத்தாரு. கேசு குடுக்கணும்னா போலீஸ்காரரு பேரைத்தான் திருடன்னு எழுதணும். கூட நின்னவங்க சிரிச்சுட்டாங்க. மாட்டை வாங்கிக் கட்டிட்டு, போடின்னுட்டாரு."

கயல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தது எந்த மொழியிலும் இல்லை. பிறகு கேட்டாள்: "அந்த நாணலுக்குள்ள இருந்தவங்க?"

"ரெண்டு வாரத்துல கூலி நெல்லு கொஞ்சம் கூடுச்சு. வந்துட்டாங்க. உங்க மாமாவும் அதுக்குள்ளதான் கெடந்தாரு. அப்ப எனக்கு அவரு யாரோ."

அந்தப் பக்கத்திலிருந்து மச்சானின் இருமல் கேட்டது.

"அத்தை, எனக்கு ஏன் இதைச் சொல்லவே இல்ல?"

"ஏழு வயசுப் புள்ளைக்கு அந்தப் பயம் எதுக்கு? மாடு கூப்புடறதுன்னு கத்துக்கிட்ட. கூப்புட்டா மாடு வந்துச்சு. அது போதும்."

7

புதன்கிழமை பள்ளி விட்டதும் கயல் பேருந்து பிடித்து நேரே என் அறைக்கு வந்தாள். பல வருடம் கழித்து அந்த இருட்டுக்குள் நுழைகிறாள். பையைக்கூட இறக்கவில்லை.

"அதைப் போடுங்க."

போட்டேன். மூடுபனி. நாணல் போல உயர்ந்த புல். சிறுமி வந்து நிற்கிறாள், தோள் ஏறுகிறது. ம்பா… இந்தா… இந்தா… அவள் குதிகால் எழும்புகிறது. பனி அப்படியே நிற்கிறது.

"மறுபடி."

மறுபடி போட்டேன். எத்தனை தடவை என்று தெரியாது, திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் வந்து வந்து போயிற்று. ஒரு சமயம் எனக்கு இருவரில் யாருக்கு நிறம் தீட்டி முடிந்திருக்கிறது என்று குழம்பிவிட்டது.

பிறகு அவள் எழுந்து போய் நடைவழியில் நின்றாள். யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டாள். கூப்பிட்டாள். வயிற்றிலிருந்துதான் வந்தது, குரல் இறங்கி, அகன்றிருந்தது. நன்றாக இருந்தது. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எனக்கு வரல, அப்பா."

"நல்லாத்தானே வந்துச்சு."

"இல்ல." அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் போலிருந்தது, சொற்களைத் தேடித் தேடி எடுத்தாள். "நான் இப்ப கூப்பிட்டா, வேன் வருதுன்னு… எனக்குத் தெரியுது. இந்தப் பொண்ணுக்கு அது தெரியாது. மாடு வரும்னு நெனக்கறா. படத்துல இருக்கற பொண்ணும் அப்படித்தானே நெனக்கணும்?"

"ஆமா."

"அப்ப அவதான் கரெக்ட். அவ இருக்கட்டும்."

நான் தலையாட்டினேன்.

"ஆனா எம் பேர் வேண்டாம்" என்றாள். "வெக்கம் இல்ல. அது அத்தையோட சத்தம். அத்தை பேரையும் போட முடியாது, அத்தை கூப்பிடல. யார் பேரும் வேண்டாம்."

படிவத்தை எடுத்துக் கொடுத்து, விட்டுவைத்திருந்த கட்டத்தைக் காட்டி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். அவளே 'ஒலி' என்ற இடத்தில் குறியிட்டாள். காற்றும் மழையும் இருக்கும் தடத்துக்கு அந்த மூச்சை நகர்த்தினேன். வெள்ளிக்கிழமை ரீல் மூடப்பட்டது.

8

படம் இங்கே ஓடியது. கயலின் வகுப்பே போய்ப் பார்த்தது. யாருக்கும் எதுவும் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

பிறகு அது பல நாடுகளுக்குப் போனது. தமிழிலும் பேசி வெளியிட்டார்கள். அக்காவும் மச்சானும் போன வாரம் தஞ்சாவூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அழைத்தபோது கயல் எனக்கு முன்னால் தொலைபேசியை எடுத்துக்கொண்டாள். ஒலிபெருக்கியை அவளே அழுத்தினாள்.

"எப்படி இருந்துச்சு அத்தை?"

"எல்லாம் மெட்ராஸ் பாஷை பேசுதுங்க. அந்தத் தவளை சொல்றது ஒண்ணும் வெளங்கல."

"அது அப்பா இல்ல" என்றாள் கயல். "அப்பாவைத் தூக்கிட்டாங்க."

"நல்லதாப் போச்சு. அப்புறம் அந்தப் பனி வந்துச்சா, அந்தப் புள்ளை வந்து நின்னுச்சா, திடீர்னு உன் சத்தம். தியேட்டரு பூரா. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. திரும்பிப் பாத்தா உங்க மாமாவைக் காணோம்."

"எங்க போனாரு?"

"எங்கயும் போவல. குனிஞ்சுட்டாரு. முன் சீட்டுக்குக் கீழ தலை. பின்னாடி புள்ளைங்கல்லாம் எட்டி எட்டிப் பாக்குதுங்க. நான் முதுகுல தட்டுறேன், 'ஏங்க, வேனெல்லாம் வரல, எந்திரிங்க, அது நம்ம பாப்பா'ங்கறேன்."

"எந்திரிச்சாரா?"

"எங்க? படத்துல அந்த மாடு வந்து நின்ன பெறகுதான் நிமிந்தாரு."